சமுதாயக் கூடத்து ரோஸ் சுவர் ஊரார் முதுகோடு வந்த விவரம்

அனுப்புநர்:
கோ. எல்லப்பன்,
(ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி, ஆறாம் வகுப்பில் முக்கால் வருடம்)
பஜனைகோயில் தெரு, ஏரிக்கோடிப்பாக்கம்,
காவாந்தண்டலம் வழி, உத்திரமேரூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
ஊராட்சி ஒன்றிய அலுவலகம்,
உத்திரமேரூர்.

பொருள்: ஏரிக்கோடிப்பாக்கம் சமுதாயக் கூடத்தின் உள்சுவர் தொட்டவர் கையோடும் சாய்ந்தவர் முதுகோடும் வந்துவிடுவது – அதற்காகப் பாஞ்சாலி என்பவர் மீது பழி போட்டது – உண்மைக் காரணம் மீன் – விளக்கம் அளித்து, அவர் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: 1. பாஞ்சாலிக்கு வந்த விளக்கம் கோரும் கடிதம், நாள் 15.09.2003. 2. என் வாய்மொழி எச்சரிக்கை, நாள் ஞாபகமில்லை.

மதிப்பிற்கும் என் இரு கை வணக்கத்திற்கும் உரிய ஐயா அவர்களுக்கு,

1. நடந்தது அத்தனையும் நடக்கும் என்று முதலிலேயே சொன்னவன் நான். கூடத்துக்கு அஸ்திவார வானம் தோண்டிய அன்று, முதல் கடப்பாரை மண்ணில் இறங்கும்போதே, "இந்தச் செவுரு ஒரு நாளு ஆளு மேலயே வந்து ஒட்டிக்கும், எழுதி வச்சுக்கோங்க" என்று இருபது பேர் கேட்கச் சொன்னேன். யாரும் எழுதி வைக்கவில்லை. இருபது பேரில் பதினெட்டுப் பேருக்கு இப்போது அது ஞாபகமே இல்லை என்கிறார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் நான். தென்னேரி ஏரி நிறையும் என்று முன்பு ஒரு வருடம் சொன்னவனும் நானே. அந்த வருடம் நிறையவில்லை, அடுத்த வருடம் நிறைந்தது. என் வாக்குச் சில சமயம் கொஞ்சம் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

2. விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் பாஞ்சாலி, வயது முப்பத்தெட்டு, செம்பருத்தி மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி. அவரும் குழுவில் உள்ள ஐந்து பெண்களும் சுவருக்கு வெள்ளையும் டிஸ்டம்பரும் அடித்துப் பிழைக்கிறவர்கள். ஒன்றியத்தில் உள்ள பதினொரு அங்கன்வாடிக் கட்டிடங்களுக்கும் இவர்களே வர்ணம் அடிப்பது என்று தங்கள் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில், கூடத்துச் சுவருக்குச் சேர்க்க வேண்டிய மூன்று கிலோ வஜ்ஜிரத்தைப் பாஞ்சாலி சேர்க்காமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார் என்று யாரோ மொட்டை மனு போட்டிருக்கிறார்கள். வருகிற 25ஆம் தேதி விசாரணை என்றும், பதில் சரியாக இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் என்றும் கடிதம் வந்திருக்கிறது. அந்தப் பெயர் நீங்கக் கூடாது. இந்த மனு அதற்காக மட்டும்தான். நடுவில் நான் வேறு சில இடங்களுக்குப் போய்வந்தாலும் தாங்கள் இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

3. வஜ்ஜிரம் இன்னது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பெரிய அதிகாரிகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். அது தச்சர்கள் கட்டையோடு கட்டையை ஒட்டுகிற பசை. உடைத்த வெல்லம் மாதிரிப் பழுப்பாக இருக்கும். அதை ஊறவைத்து, தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை வெந்நீர்ப் பானைக்குள் இறக்கிக் காய்ச்ச வேண்டும். நேராக நெருப்பில் வைத்தால் கருகிவிடும். காய்ச்சும்போது அந்தத் தெருவில் விருந்தாளி தங்க மாட்டார், அப்படி ஒரு வாசனை. கரைந்ததும் சூடு ஆறுவதற்குள் சாக்குப் பொடிக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும்.

சாக்குப் பொடி என்பது பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுகிற சாக்குக் கட்டியின் தூள்தான். அதில் ரோஸ் கலந்தால் ரோஸ் டிஸ்டம்பர், பச்சை கலந்தால் பச்சை. கரும்பலகையில் எழுதினது துணியால் துடைத்தால் போய்விடுகிறதே, ஏன்? போவதற்காகவே எழுதினது. அதே தூள் சுவரில் நிற்க வேண்டும் என்றால் அதைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் தூளைச் சுவர் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வெயிலோடு போய்விடும். கூடவே நின்று பிடித்துக்கொள்கிறவர்தான் வஜ்ஜிரம். இதை நான் ஏனாத்தூரில் காலேஜ் படிக்கும் என் தம்பி மகள் கல்பனாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவளும், "பெரிப்பா, இத்தயே தான் நேத்து நான் உங்களுக்கு சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

4. கூடம் கட்டி முடிந்து, அதில் நடக்கப்போகிற முதல் கல்யாணமே என் அக்காள் மகள் ஞானசுந்தரியின் கல்யாணம் என்று முடிவானது. தாய்மாமன் நான். ஆகவே கூடத்தின் உள்சுவருக்கு ரோஸ் கலர் அடிக்க வேண்டும் என்று தீர்மானித்தவனும் நான். நீலம் அடித்தால் மருந்துக்கடை மாதிரி இருக்கும், மஞ்சள் அடித்தால் கோயில் மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதை ஊரே கேட்டுக்கொண்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, என்னென்ன சாமான் வேண்டும் என்று பாஞ்சாலி வாயால் சொல்ல, ஒரு சீட்டு எழுதப்பட்டது. எழுதியவர் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிற ஒரு கண்ணாடிக்காரர். பெயர் தெரியாது. தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி, ஒரு பக்கத்துக் கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்தார். இடது கையில் வாழைக்காய் பஜ்ஜி, வலது கையில் பேனா. நான் அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் போயிருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் தவறே நடந்திருக்காது.

பாஞ்சாலி, "சாக்குப் பொடி மூணு மூட்ட, ரோஸு கலரு ரெண்டு கிலோ, வஜ்ஜிரம் மூணு கிலோ, மட்டை பிரஷு நாலு" என்று தெளிவாகச் சொன்னார். அந்தக் கண்ணாடிக்காரருக்கு முதல் இரண்டு வரியில் சிரமம் இல்லை. மூன்றாவது வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'ஜ்ஜி' போடத் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு மனம் வராமல், பக்கத்தில் வருகிற எழுத்தைப் போட்டு 'வஞ்சிரம் 3 கிலோ' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டார். இப்படிப்பட்டவர்கள் கையில் பேனா கொடுக்கவே கூடாது.

5. சீட்டை எடுத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில், எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் வேதகிரி உத்திரமேரூர் பஜாருக்குப் போனார். அங்கே வர்ணச் சாமான் கடை வைத்திருக்கும் அஹமது பாட்சா பாய் முப்பது வருடமாக எங்கள் ஊருக்கு வேண்டியவர். சீட்டைப் பார்த்துப் பொடி, கலர், பிரஷ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவது வரிக்கு வந்ததும் சிரித்திருக்கிறார்.

"இன்னா வேதகிரி, நாஷ்டாவும் என் கடையிலயே கேக்குறீங்களா?"

"கல்யாண வேலை பாய். ஆளுங்களுக்கு சாப்பாடு போடணும்னு எழுதி இருப்பாங்க."

"அதுக்கு மூணு கிலோ வஞ்சிரமா? உங்க ஊரு கவனிப்பே கவனிப்புபா. மீனு மார்க்கெட்டுல கீது, போய்க்க" என்று சொல்லி அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்துவிட்டார்.

பாய் மீது குற்றமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்து, இருக்கிறதை நம்புகிற மனிதர். வேதகிரி மேலும் குற்றமில்லை. பொடி மூட்டைகளைப் பால் வண்டியில் ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, உத்திரமேரூரில் அன்றைக்கு வஞ்சிரம் வரவில்லை என்று தெரிந்து, செங்கல்பட்டு வரை பஸ் ஏறிப்போய் வாங்கி வந்தவர். ஒரு பொருளுக்காக இவ்வளவு தூரம் அலைந்த ஆளை இந்த ஒன்றியத்தில் வேறு எங்கேயும் காட்ட முடியாது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம், அந்த சௌகரியத்தையும் சொன்னார்.

6. இங்கே ஊரில் பாஞ்சாலி மத்தியானத்திலிருந்தே பொடியைக் கரைத்து வைத்துவிட்டு, வெந்நீர்ப் பானையை அடுப்பில் ஏற்றி, வஜ்ஜிரத்துக்காகக் காத்திருந்தார். மூன்றரை மணிக்கு வேதகிரி வாழையிலையில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். அவிழ்த்தால் வால் தெரிகிறது. அப்போது நடந்த பேச்சை நானே நேரில் கேட்டேன், ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

"இன்னாய்யா இது?"

"வஞ்சிரம். சீட்டுல கீறத வாங்கியாந்துட்டேன்."

"நான் கேட்டது பசைய்யா! செவுத்துக்கு கொயம்பா ஊத்தப்போறேன்?"

"அத எங்கிட்ட கேட்டா? முள்ளு கம்மின்னு பாத்து வாங்கியாந்திருக்கேன், அதுக்கு ஒரு நல்ல வார்த்த கெடயாது."

பாஞ்சாலி சிரித்தார், பிறகு சீட்டைப் பார்த்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஐயா, இங்கேதான் தாங்கள் கவனிக்க வேண்டும். அவர் பேசாமல் அடித்துவிட்டுப் போகவில்லை. பசை இல்லாத கரைசலைத் தூண் மேல் ஒரு கை அகலத்துக்குப் பூசினார். காய்ந்ததும் பழைய குடையின் கறுப்புத் துணியை எடுத்து ஒரு தேய் தேய்த்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். துணி முழுக்க ரோஸ்.

"பாத்துக்க மாமா. நான் அடிக்கிற எந்தச் செவுத்துக்கும் இந்தத் துணியாலதான் பரீட்சை. இது தேறல. அடிக்கச் சொன்னா அடிக்கிறேன், ஆனா நாளைக்கு ஒட்டிக்கும்" என்றார்.

மறுபடி உத்திரமேரூர் போய் வஜ்ஜிரம் வாங்கி வந்து காய்ச்சி அடித்தால் விடிகிறபோது சுவர் ஈரமாக இருக்கும். காலையில் முகூர்த்தம். "அடி பாஞ்சாலி, யாரு போயி செவுத்துல சாயப்போறாங்க? கல்யாணத்துக்கு வர்றவங்க நாற்காலில குந்துவாங்க" என்று சொல்லி அடிக்க வைத்தவன் நான். சாய மாட்டார்கள் என்று சொன்னேனே தவிர, ஒட்டாது என்று நான் சொல்லவில்லை. ஒட்டும் என்று முதலிலேயே சொன்னவன் என்பதை மேலே முதல் பத்தியில் குறிப்பிட்டிருக்கிறேன்.

7. மீன் என்ன ஆயிற்று என்று தாங்கள் கேட்பீர்கள். வீணாக்கவில்லை. என் வீட்டுக்காரி சிட்டம்மாள் வேதகிரியின் மோட்டார் கொட்டகையில் வைத்து வறுத்தாள், தலையைக் குழம்பு வைத்தாள். மூன்று கிலோ மீனை முப்பத்தேழு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அந்த அளவுக்குத் துண்டு போடுகிற கை அவளுக்கு.

வீட்டில் வறுக்காமல் ஏன் கொட்டகையில் வறுத்தீர்கள் என்று விசாரணை வந்தால், காரணம் இருக்கிறது. கல்யாண வீட்டில் பந்தக்கால் நட்டாயிற்று. பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணம் முடிகிற வரை கவிச்சி ஆகாது, அதிலும் தாய்மாமன் தொடவே கூடாது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்று. இந்த ஒரு காரணத்தால்தான் மீன் விஷயத்தை ஊரில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. சுவரின் பசை எங்கே என்று தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தவர் கேட்டபோது முப்பத்தேழு பேரும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

8. இனி கல்யாணத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மாப்பிள்ளை தினகரன், தென்னேரி. நல்ல பையன், தலை நிமிர்ந்து பேசத் தெரியாது. அவர் சித்தப்பா சுப்பிரமணி என்பவர் அதற்கும் சேர்த்துப் பேசுவார். வந்த உடனே முன் வரிசை நாற்காலியில் பெண் வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு, தன் ஆட்கள் இருபது பேரையும் கூட்டிக்கொண்டு போய் இடது பக்கச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எங்கள் ஆட்களும் விடுவார்களா? நாற்காலியை விட்டு எழுந்து வலது பக்கச் சுவரோரம் போய் நின்றார்கள். நடுவில் நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்து கல்யாணம் பார்த்தன. இரண்டு பக்கமும் சுவரில் நன்றாக அழுந்திச் சாய்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் அட்சதை போட முன்னால் நெருக்கியடித்தார்கள். அப்போது பார்த்தால், தென்னேரிக்காரர்கள் முதுகு ரோஸ், ஏரிக்கோடிப்பாக்கத்தார் முதுகும் ரோஸ். பின்னாலிருந்து பார்த்தால் யார் எந்த வீட்டார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சுப்பிரமணி எங்கள் பெரியவர் ஒருவர் முதுகைக் காட்டிச் சிரிக்க, அவர் சுப்பிரமணி முதுகைக் காட்டிச் சிரிக்க, இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட ஆரம்பித்தார்கள். தட்டத் தட்டப் புகை மாதிரிக் கிளம்பியது. "இன்னாபா உங்க ஊரு செவுரு, ஆள புடிச்சா வுடமாட்டுது!" என்று சுப்பிரமணி போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதோடு நாற்காலிச் சண்டை போன இடம் தெரியவில்லை. பந்தியில் இரண்டு வீட்டாரும் கலந்து உட்கார்ந்தார்கள். இப்படி ஒரு சம்பந்தம் இந்தத் தாலுகாவிலேயே அமைந்ததில்லை.

இன்னொன்று. முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளை போட்டோவுக்காகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கித் திரும்பும்போது, கோட்டின் முதுகில், நடுவாக, ஐந்து விரலும் விரிந்த ஒரு ரோஸ் கை. சின்னக் கை. மாப்பிள்ளையின் தங்கைகள் கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேர் கையையும் பிடித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஞானசுந்தரி மட்டும் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. "கைய காட்டு அண்ணி, நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்று அவர்கள் கெஞ்ச, அவள் இடது கையைக் காட்ட, கூடமே அதிர்ந்தது. மாப்பிள்ளை அன்று முழுக்க அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

9. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி சுவரை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்து, "பசைப் பொருள் இல்லை" என்று எழுதிக்கொண்டார். சரியாகவே எழுதினார். ஆனால் தூள் கையில் வருவதற்கு ஒரே காரணம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பாஞ்சாலி சொன்னதையும் நான் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால், அடித்த பிறகு இரண்டு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்காமல் வெயிலில் காய விட்டால் அது கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். சுவரின் கீழ்ப்பக்கம் மட்டும் வெள்ளையாகப் பூத்தால் அது வர்ணமே இல்லை, கிணற்று நீரின் உப்பு. நாக்கில் வைத்தால் கரிக்கும். எங்கள் அரிசி மில்லின் நீலக் கேட்டு இருக்கிறதே, அதைத் தொட்டாலும் கையில் நீலத் தூள் வரும். அது எண்ணெய் வர்ணம், பசையில் குறை வைக்கவில்லை, பத்து வருட வெயில் எண்ணெயைத் தின்றுவிட்டுத் தூளை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

கூடத்துச் சுவர் எந்த வகை என்று நிரூபிக்க, அதிகாரி கண் முன்னாலேயே நான் சுவரில் நாக்கை வைத்துக் காட்டினேன். உப்பு இல்லை. சுண்ணாம்பாக இருந்தால் நாக்கு வெந்திருக்கும், வேகவில்லை. ஆகவே பசை இல்லாத சாக்குப் பொடிதான் என்று அறிவித்தேன். அதிகாரி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "சரி பெரியவரே, துடைச்சுக்கங்க" என்றார். உதட்டில் ரோஸ் ஒட்டியிருந்ததைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

10. கடிதம் வந்த பிறகு பாஞ்சாலி வாய் திறக்கவில்லை. குழுவில் இருக்கும் மற்ற ஐந்து பேரும் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மீனுன்னு ஒரு வார்த்த சொல்லேன், நம்ம பொயப்பு நிக்குதே" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதைச் சிட்டம்மாள் கேட்டுவந்து என்னிடம் அப்படியே சொன்னாள்:

"அந்தப் பொண்ணு புகுந்த வூட்டுக்குப் போயி இன்னும் ஒரு மாசம் ஆவல. பந்தக்கால் நட்டுட்டு மாமன் மீன் துன்னான்னு நான் போயி ஆபீசுல எழுதிக் குடுத்தா, நாளைக்குத் தென்னேரில அவளத்தான் கேப்பாங்க. செவுரு சரியில்ல, அத அடிச்சவ நான். எம் பேரு போனா போவட்டும்."

இதைக் கேட்ட பிறகு தென்னேரி பஸ் நேரத்தை விசாரித்தேன். நேற்று காலை முதல் பஸ்ஸிலேயே தென்னேரிக்குப் போனேன். சம்பந்தி சுப்பிரமணியைத் தனியாக ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், வஞ்சிரம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. கரையில் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, "எத்தினி துண்டு?" என்று கேட்டார். மூன்று என்றேன். "எங்க வூட்ல பந்தக்கால் நட்ட அன்னிக்கு நண்டு. நான் ஏழு. யாருக்கும் தெரியாது, நீ வாய வச்சிக்கினு சும்மா இரு" என்றார். இரண்டு பேரும் கரையில் நின்று சிரித்த சிரிப்பில் கொக்கு எல்லாம் எழுந்து பறந்துவிட்டது. நூறு இருநூறு கொக்கு இருக்கும். சிரிப்பு அடங்காமலே வீட்டுக்குத் திரும்பினபோது ஞானசுந்தரி உள்ளேயிருந்து வந்து, "இன்னா மாமா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். நல்ல நிறம் ஏறியிருக்கிறாள். கோட்டைத் துவைக்கப் போடவில்லை, ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே மீன் விஷயத்தைத் தாங்கள் தாராளமாகக் கோப்பில் ஏற்றிக்கொள்ளலாம். நண்டை மட்டும் ஏற்ற வேண்டாம்.

11. ஆகையால், கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாஞ்சாலி வஜ்ஜிரத்தை ஒளிக்கவில்லை, வராத பொருளை யாராலும் ஒளிக்க முடியாது என்று குறித்து, அவர் பெயரையும் குழுவின் பெயரையும் பட்டியலில் அப்படியே வைக்க வேண்டும். அங்கன்வாடி பதினொன்றும் அவர்களுக்கே தர வேண்டும். கறுப்புக் குடைத் துணி வைத்துத் தன் வேலையைத் தானே பரீட்சை பண்ணிப் பார்க்கிற ஆளைத் தாங்கள் வேறு எந்தக் குழுவிலும் காண முடியாது. பிள்ளைகள் சுவரில் சாய்கிற இடம் அது.

கூடத்துச் சுவரைக் குழுவினரே கூலி இல்லாமல் திருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். இருக்கிற தூளைத் தேங்காய் நாரால் தேய்த்து உதிர்த்து, கழுவி, காயவிட்டு, வஜ்ஜிரம் சேர்த்துப் புதிதாக அடிக்க வேண்டும். தூளின் மேலேயே இன்னொரு பூச்சு அடித்தால் அதுவும் பழையதோடு சேர்ந்து வந்துவிடும். அதற்கு அனுமதி மட்டும் தேவை. ஒரே ஒரு வேண்டுகோள்: மேடைக்குப் பின்னால், கதவோரம், ஒரு முழச் சுவரை மட்டும் இப்போது இருப்பதுபோலவே விட்டுவைக்க வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள். தை மாதத்தில் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கிறது. காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், தாங்களும் கேட்காமல் அனுமதித்துவிட வேண்டும்.

முதுகில் இன்னும் கொஞ்சம் ரோஸோடும் தங்கள் மீது முழு நம்பிக்கையோடும்,

(ஒப்பம்) கோ. எல்லப்பன்

இடம்: ஏரிக்கோடிப்பாக்கம்
நாள்: 22.09.2003

இணைப்பு: 1. சாமான் சீட்டு, அசல், பாட்சா பாய் அடித்த கோட்டோடு. 2. மாப்பிள்ளையின் முதுகு, புகைப்படம் ஒன்று. 3. பாஞ்சாலி தேய்த்துக் காட்டிய கறுப்புத் துணி, ஒரு துண்டு.

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது:

ஐயா, இணைப்பைக் குண்டூசியால் குத்துவதற்காகச் சீட்டையும் இந்த மனுவையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தேன். சிட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு வரைதான். "ரெண்டுலயும் கொம்பு ஒரே மாதிரி வளைஞ்சிக்கினு கீதே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளே பார்த்த உடனே சொல்லிவிட்டாள் என்றால் தங்களுக்குக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான்காவது பத்தியில் எழுதிய கண்ணாடிக்காரர் என்று ஒருவர் கிடையாது. பஜ்ஜியும் கிடையாது. பாஞ்சாலி என் வீட்டு வாசலில் நின்று சொல்லச் சொல்ல, அந்தச் சீட்டை எழுதியவன் நான். 'ஜ்ஜி' எனக்கு வராது. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன், ஓர் எழுத்துத் தெரியவில்லை என்று அவரிடம் கேட்க வாய் வரவில்லை. இந்த மனுவில் அந்தச் சொல் வருகிற இடத்தையெல்லாம் முதலில் காலியாக விட்டுவைத்து, பாட்சா பாய் கடைக்குப் போய், வஜ்ஜிரம் வந்த கோணிச் சாக்கின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுதி நிரப்பினேன். பாய், "இன்னா எல்லப்பண்ணே, சாக்குக்கு பரீட்சை எழுதுறியா?" என்று கேட்டார்.

இது பாஞ்சாலிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மீனை அவிழ்த்துச் சீட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாரே, அப்போதே. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, 25ஆம் தேதியும் சொல்ல மாட்டார். ஆகவே அன்றைக்கு அவருக்குப் பதிலாக என்னைக் கூப்பிட வேண்டும். வந்து, தங்கள் எதிரிலேயே ஒரு வெள்ளைத்தாளில் 'வஜ்ஜிரம்' என்று எழுதிக் காட்டுகிறேன். இப்போது வருகிறது.

(ஒப்பம்) கோ. எல்லப்பன்,
சீட்டு எழுதியவன்.